முப்பத்தொன்பது இஞ்சு

ஐஸ் தண்ணீரில் கையை விட்டால் முதல் கால் மணி நேரந்தான் வலிக்கும். அதற்குப் பிறகு விரல்கள் தன்னுடையவை என்ற நினைப்பே போய்விடும். அவை பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கும். அந்தத் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குள் அமலோற்பவத்தின் விரல்கள் இரண்டு கூடை இறாலைத் தலை கிள்ளி, ஓடு உரித்து, முதுகைக் கீறிக் கறுத்த குடலை உருவி, அலுமினியத் தட்டில் வரிசையாக அடுக்கி முடித்திருந்தன. மூன்றாவது கூடை வந்தது. தகரக் கூரைக்குக் கீழே நீளமான மேசை. அதன் இரண்டு பக்கமும் இருபது இருபது பெண்கள். பிளீச்சிங் பவுடர் கலந்த தண்ணீர் அவர்கள் கால்களை நனைத்துக்கொண்டே ஓடியது.

நாற்பது பேரும் தலையில் பழைய துணியை இறுக்கிக் கட்டியிருந்தார்கள். ஒவ்வொரு துணிக்கு அடியிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமையின் வேலை இருந்தது. எழுபத்திரண்டில் கம்பெனி திறந்த புதிதில், ஐஸ் ஈரமும் பிளீச்சிங் தண்ணீரும் பட்டுப் பட்டு முடி நுனி வெடித்து, காய்ந்த ஓலை மாதிரி ஒடிந்து, பாதிப் பேருக்குப் பின்னல் எலிவாலாகிப் போனது. பிறகு அவர்களே ஒரு வழி கண்டுகொண்டார்கள். ஊர்க் கிணற்றுத் தண்ணீர் உப்பு. அதில் அலசக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை ஒரு குடம் நல்ல தண்ணீரைத் தலைக்கென்றே ஒதுக்கி, செம்பருத்தி இலை தேய்த்துக் குளித்து, வெயிலில் காட்டாமல் நிழலிலேயே உலர்த்தி, நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுத்து, தேங்காய் எண்ணெய் வைத்து, இறுக்கமில்லாமலும் தளர்வில்லாமலும் பின்ன வேண்டும். பின்னலை இரண்டாக மடித்துப் பிடரியில் சுருட்டி, ரப்பர் போடாமல் பழைய மெல்லிய துணிக் கிழிசலால் கட்ட வேண்டும். ரப்பர் முடியை அறுத்துவிடும். கட்டியதைச் சனிக்கிழமை சாயங்காலம் வரை அவிழ்க்கக் கூடாது. உதிர்கிற முடியும் அந்தப் பின்னலுக்குள்ளேயே கிடக்கும், வெளியே வராது. அப்படித்தான் இரண்டு வருஷத்தில் எல்லோருக்கும் முடி திரும்ப இறங்கியது. அமலோற்பவத்துக்கு முழங்காலைத் தொட்டது.

தனராஜ் சூப்பர்வைசர் உள்ளே வந்தார். சாத்தான்குளத்துக்காரர். கத்துகிற வழக்கம் அவருக்குக் கிடையாது. அவர் மெதுவாகப் பேசினால்தான் பயப்பட வேண்டும் என்பது மேசைக்குத் தெரியும்.

"எல்லாரும் கையைத் தண்ணியில இருந்து எடுங்க," என்றார் மெதுவாக.

எண்பது கைகள் வெளியே வந்தன.

"போன மாசம் அனுப்பின சரக்குல ஒரு லோடு திரும்பி வருது. ஏன் தெரியுமா? ஒரு பிளாக்கை உடைச்சுப் பாத்திருக்கான். இறாலுக்கு நடுவுல இது உறைஞ்சு கெடந்திருக்கு."

ஒரு வெள்ளைத் தாளை உயர்த்திக் காட்டினார். அதில் ஒற்றை முடி. நீளம் கொள்ளாததால் மேலும் கீழுமாக வளைத்து வளைத்துப் பசை நாடாவால் ஒட்டியிருந்தது. ஒவ்வொரு முகத்துக்கு முன்னாலும் தாளை நிறுத்தி நிறுத்தி மேசையை ஒரு சுற்று வந்தார்.

"அளந்தாச்சு. முப்பத்தொன்பது இஞ்சு. இது எவ முடியோ, அவ புதன்கிழமைக்குள்ள எங்கிட்ட வந்து சொல்லிரணும். வெள்ளிக்கிழமை சரக்கு வாங்குத பம்பாய்ப் பார்ட்டி வாராங்க. அவங்க வரும்போது அந்தத் தலை இந்த மேசையில நிக்கக் கூடாது. யாரும் சொல்லலைன்னு வையுங்க, வியாழக்கிழமை அம்புட்டுத் தலையையும் அவுத்து டேப்பு வச்சு அளப்பேன். அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது."

அவர் போன பிறகும் கொஞ்ச நேரம் யாரும் கையைத் தண்ணீரில் விடவில்லை. எதிர்ப்பக்கம் நின்ற இசபெல்லாதான் முதலில் வாயைத் திறந்தாள். ஐம்பது வயதுக்காரி, பாதி நரை, பிடரியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கொண்டை.

"முப்பத்தொன்பது இஞ்சாமுல்லா! என் கொண்டையோட மாராப்பையும் முடிஞ்சுவிட்டு அளந்தாலும் அவ்ளோ வராது. நான் தப்பிச்சேன் மாதாவே!"

இரண்டு பேர் சிரித்தார்கள். சிரித்த வேகத்திலேயே நிறுத்திக்கொண்டு அமலோற்பவத்தைப் பார்த்தார்கள். அவர்களைப் பார்த்து மற்றவர்களும் பார்த்தார்கள். அமலோற்பவம் குனிந்து ஒரு இறாலை எடுத்தாள். அது வழுக்கி விழுந்தது. மறுபடி எடுத்தாள். மறுபடியும் விழுந்தது. பக்கத்தில் நின்ற சீனித்தாய் மட்டும் அவளைப் பார்க்கவில்லை.

வீடு திரேஸ்புரத்தில், கடலிலிருந்து நூறு அடி தள்ளி. புருஷன் ரோச் வாசலில் உட்கார்ந்து தோணிக்காரர் ஒருவருக்காக வடம் முறுக்கிக்கொண்டிருந்தான். சங்கு குளிக்கிறவனாக இருந்தவன். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் சங்குக்காக முங்கி மேலே வந்தபோது இடது காதில் ரத்தம் வந்தது. அதற்குப் பிறகு எழுந்து நின்றால் தரை சாய்கிறது என்பான். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பான். கைகள் மட்டும் பழைய கைகள். ஞாயிற்றுக்கிழமைதோறும் அமலோற்பவத்துக்குத் தலை பின்னிவிடுவது அவன்தான். மூன்று பிரிப் பின்னல் அவனுக்குப் பிடிக்காது. வடத்துக்குப் போடுவதுபோல நாலு பிரி போடுவான். நாலு பிரி போட்டால் ஒரு பிரி நழுவினாலும் மற்ற மூன்றும் பிடித்துக்கொள்ளும் என்பது அவன் கணக்கு.

அவள் சொன்னதைக் கேட்டதும் அவனுக்கு முதலில் கோபந்தான் வந்தது.

"என் பிரி அவுந்து முடி விழுந்துச்சுன்னா சொல்லுதான்?"

"உங்க பிரிக்கா இப்பம் வழக்கு? வேலை போகப் போகுது. நாப்பது பேரும் என் மூஞ்சியத்தான் பாத்தாளுவ."

"அழாத. துணிய அவுரு."

கொண்டையை அவிழ்க்காமல் விரலால் தடவித் தடவிப் பார்த்தான். காது, நெற்றி, பிடரி எங்கும் ஒரு இழைகூட வெளியே நீட்டவில்லை.

"அந்த முடி எப்பிடி இருந்துச்சு? சரியாப் பாத்தியா?"

பார்த்திருந்தாள். பயத்தில் அதைத் தவிர வேறொன்றையும் பார்க்கவில்லை. "நீளமா, கறுப்பா... ஒரு நுனி மட்டும் கொக்கி மாதிரி மடங்கி இருந்துச்சு. ஒரு இஞ்சு இருக்கும்." மணலில் விரலால் வரைந்து காட்டினாள்.

ரோச் அந்தக் கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். கையில் இருந்த நார் இழை ஒன்றை எடுத்து, நுனியை ஒரு நூல்மேல் மடித்து, நூலால் சுற்றிக் கட்டினான். பிறகு அந்தக் கட்டிலிருந்து இழையை உருவினான். இழையின் நுனி அதேபோலக் கொக்கியாக நின்றது.

"தலையில முளைச்ச முடி இப்பிடி மடியாது. நூல்ல மடிச்சுக் கட்டினாத்தான் மடியும். இது சவுரி முடி."

 சீவும்போது உதிர்கிற முடியை அமலோற்பவம் எறிகிறதில்லை. சுருட்டிச் சுருட்டிப் பால்மாவு டப்பாவில் போட்டு வைப்பாள். போன வருஷம் சீனித்தாய்க்கு டைபாய்டு வந்து தலை பாதி கொட்டிப்போனது. பெண் பார்க்க வருகிற நேரம். "அக்கா, உங்க டப்பாவைத் தாங்க, யாருக்கும் தெரிய வேண்டாம்," என்று வந்து நின்றாள். அமலோற்பவம் டப்பாவோடு கொடுத்தாள். சவுரி கட்டுகிறவளிடம் கொடுத்துக் கட்டி, அதைத் தன் கைப்பிடி முடியோடு சேர்த்துப் பின்னி, மூன்று மாதத்தில் நிச்சயமும் ஆகிவிட்டது. தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளையின் அத்தை இதே கம்பெனியில் பேக்கிங்கில் வேலை பார்க்கிறாள்.

"அப்பம் அது என் முடிதான்," என்றாள் அமலோற்பவம்.

"உன் முடிதான். உன் தலையில இருந்து விழலை. போயிச் சொல்லு."

"சொன்னா அவ கல்யாணம்?"

"சொல்லாட்டா நம்ம சோறு?"

 ரோச் அந்த நாரை மணலில் போட்டுவிட்டு மறுபடி வடத்தை எடுத்துக்கொண்டான்.

மறுநாள் கை கழுவுகிற குழாயடியில் சீனித்தாயைத் தனியாகப் பிடித்தாள். தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டே பேசினாள்.

"ஏளா சீனி, அந்தத் தாள்ல இருந்த முடி கொக்கி மாதிரி மடங்கி இருந்துச்சு, பாத்தியா?"

"எனக்கென்ன தெரியும்? நான் எதையும் பாக்கல."

"நூலு எங்கயோ விட்டிருக்கு. தடவிப் பாரு."

சீனித்தாயின் முகம் கடுகடுத்தது. "உங்க முடி விழுந்ததுக்கு என் மேல சாட்டுதியளா? நல்லா இருக்கு நாயம்," என்று திரும்பியவள், நாலடி போவதற்குள் கையைப் பிடரிக்குக் கொண்டுபோனாள். துணிக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். அப்படியே நின்றாள். திரும்பி வந்தாள்.

"ஒரு நூலு அந்து கெடக்கு, அக்கா."

"நீயே போயி சூப்பர்வைசர்ட்ட சொல்லிரு. தனியாச் சொன்னா தனியா முடிஞ்சிரும்."

"எப்பிடிச் சொல்லுவேன்? அந்த அத்தைக்காரி காதுல விழாமலா போகும்? மொட்டைத்தலைச்சியக் கட்டி வைக்கப் பாத்தியளான்னு வந்து நின்னா எங்க அய்யா தூக்குல தொங்கிருவாரு. நீங்க சொல்லிராதிய, அக்கா. உங்க கால்ல விழுதேன்."

"நான் போனா ரெண்டு பேரு பட்டினி, தெரியும்லா? அந்த மனுசன் எந்திச்சு நடக்க மாட்டாரு." தன் குரல் தனக்கே அந்நியமாகக் கேட்டது அமலோற்பவத்துக்கு. "நாளைக்குள்ள நீ சொல்லணும். சொல்லலைன்னா நான் சொல்லுவேன்."

புதன்கிழமை சீனித்தாய் வேலைக்கு வரவில்லை.

அவள் நின்ற இடம் காலியாகக் கிடந்ததைப் பார்க்கப் பார்க்க அமலோற்பவத்துக்கு வேர்த்தது. ஐஸ் மேசைக்கு முன்னால் நிற்கிறவளுக்கு வேர்வை கண்ணில் இறங்கியது. கிணற்றையும் அரளிக்காயையும் பற்றியே நினைப்பு ஓடியது. கதவுப்பக்கம் யார் வந்தாலும் திரும்பிப் பார்த்தாள். மத்தியானம் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து அப்படியே மூடி வைத்தாள்.

மற்றவர்கள் வேறொன்றைப் பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சைத் தொடங்கி வைத்தது இசபெல்லாதான்.

"பயந்து சாகுதியளே, மூளை இருக்கா? அவன் தேடுதது முப்பத்தொன்பது இஞ்சு. இன்னைக்குச் சாயங்காலம் வீட்டுல போயி ரெண்டு இஞ்சு, மூணு இஞ்சு குறைச்சு வெட்டிட்டு வந்து நின்னா எவனால என்ன சொல்ல முடியும்? டேப்பு என்ன சாட்சியா சொல்லும்?"

"வளத்த முடியல்லா அக்கா..."

"வளத்த முடி திரும்ப வளரும். போன வேலை வளருமா? ஏளா அமலி, நீயும் வெட்டிக்க. உனக்குத்தான் ஒரு கைப்பிடி எடுக்கணும்."

"நான் எதுக்கு வெட்டணும்? என் தலையில இருந்து விழலை," என்றாள் அமலோற்பவம்.

"அது மாதாவுக்குத் தெரியும். தனராஜுக்குத் தெரியுமா?"

அவள் வெட்டிக்கொள்ளவில்லை. வெட்டினால் பயந்து வெட்டியதாக ஆகும், உண்மை நம் பக்கம் இருக்கும்போது எதற்கு என்று ரோச்சும் சொன்னான். அந்தக் கொக்கியைக் காட்டி இரண்டு வார்த்தை சொன்னால் போதும். சொல்ல வேண்டிய இரண்டு வார்த்தையைப் பாய்க்குப் பக்கத்தில் முழந்தாளிட்டு, ஜெபமாலை மணிகளுக்கு நடுவே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலை, ஐஸ் உடைக்கிற முற்றத்தில் நாற்பது பேரையும் வரிசையாக நிறுத்தினார் தனராஜ். தையல்காரர் வைத்திருக்கும் டேப்பு அவர் கழுத்தில் தொங்கியது. கையில் அந்தத் தாள். சீனித்தாய் வந்திருந்தாள். கண் வீங்கி, வரிசையில் அமலோற்பவத்துக்கு மூன்று பேர் தள்ளி நின்றாள். அமலோற்பவத்துக்கு ஒரு மூச்சு உள்ளே போயிற்று. உயிரோடு இருக்கிறாள். அந்த மூச்சு வெளியே வருவதற்குள் அடுத்த பயம் வந்து உட்கார்ந்தது. சீனித்தாய் சூப்பர்வைசர் அறைப்பக்கம் போகவே இல்லை.

"அவுருங்க," என்றார் தனராஜ்.

துணிகள் அவிழ்ந்தன. கொண்டைகள் அவிழ்ந்தன. வாரக் கடைசி வரைக்கும் மூடிக் கிடக்க வேண்டிய பின்னல்கள் வியாழக்கிழமை வெயிலில் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. எண்ணெய் வாடை முற்றத்தில் நிறைந்தது. தனராஜ் முதல் தலையிலிருந்து அளந்துகொண்டு வந்தார். முப்பது. இருபத்தெட்டு. முப்பத்தாறு. முப்பத்தாறரை. முப்பத்தேழு. ஏழாவது தலையில் நின்று, நுனியைக் கையில் எடுத்துப் பார்த்தார். நேராக, பளிச்சென்று, அரிவாள்மணையில் வைத்து நறுக்கினதுபோல இருந்தது. எட்டாவதும் அப்படித்தான். கீழ்வைப்பாரிலிருந்து வருகிற ஒருத்திக்கு ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும் இருந்தது.

"நேத்து எல்லாரும் ஒண்ணாச் சேந்து நேர்ச்சை செலுத்துனியளாக்கும்?" என்றார்.

அமலோற்பவத்தின் முன்னால் வந்தார். அவள் அப்போதுதான் நாலாவது பிரியைப் பிரித்திருந்தாள். முடி தோளிலிருந்து இறங்கி, இடுப்பைத் தாண்டி, முழங்காலில் நின்றது. நுனி மெல்லிசாக, யாரும் வெட்டாத நுனியாக இருந்தது. சுற்றி நின்றவர்களின் தலைகளை ஒரு தடவை பார்த்தபோதுதான் அவளுக்குப் புரிந்தது. முற்றத்தில் முப்பத்தொன்பது இஞ்சுக்கு மேல் இருக்கிற தலை இது ஒன்றுதான்.

தனராஜ் டேப்பைக் கழுத்திலிருந்து எடுக்கக்கூட இல்லை. தாளை அவள் முகத்துக்கு முன்னால் பிடித்தார்.

"என்னம்மா சொல்லுத?"

"முடி என்னுதுதான் சார்." அவள் தாளையே பார்த்தாள். "ஆனா... என் தலையில இருந்து விழலை சார்."

"உன் முடி. உன் தலையில இருந்து விழலை." அவர் அதை மெதுவாகத் திருப்பிச் சொன்னார். "பொறவு எவ தலையில இருந்து விழுந்துச்சு?"

தாளில் கொக்கி தெளிவாகத் தெரிந்தது. விரலை நீட்டினால் தொட்டுவிடலாம். மூன்று பேர் தள்ளி சீனித்தாய் இரண்டு கையாலும் பிடரியைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவள் பின்னலை இன்னும் பிரிக்கவில்லை. பேக்கிங் அறை வாசலில் நாலைந்து பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் அத்தை முன்னால் நின்றாள். அமலோற்பவம் ஜெபமாலை மணிகளுக்கு நடுவே சொல்லிப் பழகிய இரண்டு வார்த்தையும் தொண்டைக்கு வந்தன. சொல்லாமல் இருக்க வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. வாய்தான் திறக்கவில்லை.

"யாரும்மா?"

"தெரியல சார்."

தனராஜ் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "அப்பம் முடிஞ்சுது. மத்தவங்கள்லாம் தலையைக் கட்டிட்டு வேலைக்குப் போங்க."

சீனித்தாய் பொத்திய கையை எடுக்காமலே உள்ளே போனாள்.

அமலோற்பவத்தை மட்டும் நிறுத்தி வைத்துச் சொன்னார்: "மேனேஜர் உன்னை இன்னைக்கே அனுப்பிரச் சொன்னாரு. உன் கை வேகத்துக்காக நான்தான் பேசி வச்சிருக்கேன். நாளைக்குக் காலம்பற ஏழு மணிக்கு, முடி கழுத்துக்கு மேல இருக்கணும். பின்ன முடியாத அளவுக்கு. இருந்தா மேசைக்குப் போ. இல்லைன்னா கேட்டுக்கு உள்ள வராத."

சாயங்காலம் வீட்டுக்கு நடக்கும்போது பின்னால் யாரோ வருகிற சத்தம் கேட்டது. பத்தடி தள்ளி சீனித்தாய். அமலோற்பவம் நின்றால் அவளும் நின்றாள். நடந்தால் நடந்தாள். கோயில் முக்கு வரைக்கும் அப்படியே வந்தவள், பக்கத்தில் வராமலேயே மில்லர்புரம் போகிற ரோட்டில் திரும்பிவிட்டாள்.

ரோச் எல்லாவற்றையும் கேட்டான்.

"ஏன் சொல்லல?"

"வாயி திறக்கல."

"அவளுக்காகவா?"

"தெரியல. பயமா இருந்துச்சு."

ரோச் சுவரைப் பிடித்து எழுந்து, வடம் அறுக்கிற கத்தியை எடுத்துக்கொண்டு வந்தான். பிறகு அதை வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டில் கத்திரிக்கோல் வாங்கிவரச் சொன்னான். அவளை முன்னால் உட்காரவைத்து முதலில் எண்ணெய் வைத்தான். வெட்டப்போகிற முடிக்கு எதற்கு எண்ணெய் என்று அவள் கேட்கவில்லை. நாலு பிரி எடுத்துப் பின்னினான். ஞாயிற்றுக்கிழமை எவ்வளவு நேரம் எடுப்பானோ அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டான். பின்னி முடித்ததும் வடத்தை அறுக்கும் முன்னால் செய்வதுபோல, கழுத்துக்குப் பக்கத்தில் நூலைச் சுற்றிச் சுற்றி இறுக்கி இரண்டு இடத்தில் கட்டினான். கட்டுக்கு நடுவில் கத்திரிக்கோலை வைத்தான். ஒரே வெட்டில் அறுபடவில்லை. ஐந்தாறு தடவை கடிக்க வேண்டியிருந்தது. அவன் அடக்கிய மூச்சு அவள் பிடரியில் விட்டு விட்டு விழுந்தது. அறுந்ததும் அவள் தலை தானாக முன்னால் சாய்ந்தது, கனம் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்குத் தனராஜ் அவளைக் கேட்டில் நிறுத்தி, திரும்பச் சொல்லிப் பார்த்து, உள்ளே விட்டார். மேசையில் யாரும் அவள் தலையைப் பற்றிப் பேசவில்லை. இசபெல்லா மட்டும் அவள் கூடைக்கு ஐஸ் அள்ளிப் போட்டுவிட்டுப் போனாள். சீனித்தாய் துணிமேல் இன்னொரு துணி கட்டியிருந்தாள்.

முதல் கூடை முடிவதற்குள்ளேயே அமலோற்பவத்துக்கு விஷயம் விளங்கிவிட்டது. வெட்டின முடி நிற்கவில்லை. பிடித்துக்கொள்ளப் பின்னல் இல்லை, சுருட்டிச் செருகக் கொண்டை இல்லை. துணியை எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் குனிகிறபோது காதோரத்திலும் நெற்றியிலும் நாலு இழை, ஐந்து இழை என்று நழுவி வெளியே வந்து தொங்கியது. இறால் கையால் தலையைத் தொடக் கூடாது. தோளை உயர்த்தி உயர்த்தித் துணியை மேலே தள்ளினாள். மூன்று தடவை கையைக் கழுவிவிட்டு வந்து கட்டினாள். நாலாவது தடவை போகப் பயமாக இருந்தது. யாராவது பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

பத்து மணிக்கு அவர்கள் வந்தார்கள். மேனேஜர், தனராஜ், பம்பாய்க்காரர் இரண்டு பேர். நாலு பேரும் தலையில் புத்தம் புது வெள்ளைத் தொப்பி போட்டிருந்தார்கள். மடிப்புக்கூடக் கலையவில்லை. பம்பாய்க்காரரில் பெரியவர் உள்ளே நுழைந்ததும் தொப்பியை எடுத்து வேர்வையைத் துடைத்துவிட்டுத் திரும்பப் போட்டுக்கொண்டார். அவர் தலையில் ஒரு முடி கிடையாது.

மேசையின் அந்த முனையிலிருந்து ஒவ்வொரு தட்டாகப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். அமலோற்பவம் தலையை அசைக்காமல், கழுத்தை இறுக்கி வைத்துக்கொண்டு, கையால் மட்டும் வேலை செய்தாள். குடல் எடுத்த இறாலைத் தட்டில் வைக்கிறபோது பார்த்தாள். இரண்டாவது வரிசையில், வெள்ளை இறாலின் முதுகில், விரல் நீளத்துக்கு ஒரு கறுப்பு முடி.

மரத்த விரல்களால் அதைக் கிள்ளப் பார்த்தாள். நழுவியது. மறுபடி கிள்ளினாள். முடி பாதி உள்ளே புகுந்து இறாலின் கீறலில் ஒட்டிக்கொண்டது. பூட்ஸ் சத்தம் இரண்டு ஆளுக்கு அந்தப் பக்கம் வந்துவிட்டது. தண்ணீரில் போட்டால் மிதக்கும். தரையில் போட்டால் அவர்கள் காலடியில் கிடக்கும். அவள் இறாலையே எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

பல் கூசியது. பச்சை இறாலின் வழுவழுப்பும் பிளீச்சிங் வாடையும் தொண்டையில் ஏறின. விழுங்க முடியவில்லை. கன்னத்தில் ஒதுக்கி உதட்டை மூடிக்கொண்டாள்.

பூட்ஸ் அவள் முன்னால் நின்றது. பெரியவர் தட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், ஏதோ கேட்டார்.

"உன் பேரு என்னன்னு கேக்காரு," என்றார் தனராஜ்.

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

"பேரச் சொல்லும்மா. ஒண்ணும் செய்ய மாட்டாரு."

அவள் தனராஜின் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணில் தண்ணீர் கட்டியது. தனராஜ் சிரித்து, பெரியவரிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். பெரியவரும் சிரித்தார். பிறகு அவள் தலையைச் சுட்டிக்காட்டி மேனேஜரிடம் நிதானமாக ஏதோ சொன்னார். மேனேஜர் தலையாட்டினார்.

தனராஜ் மேசை முழுவதற்கும் கேட்கும்படி, மெதுவாகச் சொன்னார்: "இந்தப் பிள்ளை தலை ரொம்ப சுத்தமா இருக்குன்னு சொல்லுதாரு. திங்கக்கிழமையில இருந்து எல்லாரும் இப்பிடி வெட்டிட்டுத்தான் வரணும்."

சீனித்தாயின் கைகள் ஐஸ் தண்ணீருக்குள் போனவை போனபடியே நின்றன. நாலு வெள்ளைத் தொப்பிகளும் அடுத்த தட்டுக்கு நகர்ந்தன. அமலோற்பவம் வாயைத் திறக்காமல் மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டு, அடுத்த இறாலை எடுக்கக் குனிந்தாள். நெற்றித் துணி நழுவி, இன்னும் இரண்டு இழை அவள் கண்ணுக்கு முன்னால் தட்டின்மேல் தொங்கியது.